நாலு பேர் படுக்கலாம் என்றால், எந்த நாலு பேர்?

மே விடுமுறை நெருங்குகிறது. நெல்லையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் உறவுகள் மும்பைக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். அதனால்தானோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, காரின் பின்னால் இழுத்துப்போகிற கேம்பிங் ட்ரெய்லரைப் பற்றியே இருக்கின்றன. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை ஒரு கை பார்த்துவிடுவோம்.

கேள்வி: ட்ரெய்லர் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறோம். நானும் கணவரும், ஊரிலிருந்து வருகிற அண்ணனும் மைனியும். "நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?
— குடும்பத்தலைவி, பாண்டுப் மேற்கு

பதில்: எந்த நாலு பேர் என்று கேட்டுவிட்டு நம்புங்கள். இந்தத் தொழிலில் நாலு பேர் என்றால் பெரும்பாலும் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். கேரள அரசு 2021-ல் காரவன் சுற்றுலாவைத் தொடங்கியபோதும் வண்டிகளை அப்படித்தான் பிரித்தது: இரண்டு பேருக்கு ஒரு வகை, நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு இன்னொரு வகை. இரண்டு தம்பதிகள் என்பது வேறு கணக்கு.

உள்ளே போய்ப் பாருங்கள். நிலையான கட்டில் ஒன்று இருக்கும், அதில் இரண்டு பேர். மற்ற இருவருக்கும் சாப்பாட்டு மேசைதான் கட்டில். மேசைக் காலை மடக்கி, பலகையை இரண்டு பெஞ்சுகளின் விளிம்பில் இறக்கி, முதுகுக்குச் சாய்ந்த மெத்தைகளை எடுத்து நடுவில் நிரப்பினால் படுக்கை தயார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். மெத்தைத் துண்டுகள் சேரும் இடம் சரியாக இடுப்புக்குக் கீழே வரும். எட்டு வயதுப் பையன் அதன்மேல் உருண்டு புரண்டு தூங்கிவிடுவான். ஐம்பத்தைந்து வயது அண்ணனுக்கு விடிவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மேலே விரிக்க ஒரே துண்டாக ஒரு மெல்லிய மெத்தை வாங்கிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் எழுந்திருக்கும்வரை உங்களுக்கு மேசை கிடையாது. நீங்கள் ஐந்து மணிக்கே காபி குடிக்கிறவர், மைனி ஏழு மணிவரை தூங்குகிறவர் என்றால், முதல் நாள் காலையிலேயே இரண்டு பேருக்கும் சங்கடம். வெளியே மடக்கு மேசை ஒன்றும் இரண்டு நாற்காலிகளும் போட இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுநாடா எடுத்துப் போங்கள். கட்டில் நீளம் ஆறடிக்குக் குறையக் கூடாது. இரண்டு பெரியவர்களுக்கு அகலம் நாலடி என்பது கடைசி எல்லை. அடுக்குக் கட்டில் இருந்தால் அது எத்தனை கிலோ தாங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் அது பிள்ளைகளுக்கென்றே செய்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கணவரையும் கூட்டிப்போய் அந்த மேசைக் கட்டிலில் இரண்டு பேரும் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட வேண்டாம். உங்களுக்குச் சரிவராத இடத்தில் அண்ணனைப் படுக்கவைக்க மனசு வராது, அந்த நல்ல மனசுக்காகவே படுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

கேள்வி: 225 சதுர அடி வீட்டில் கல்யாணத்துக்கு வந்த ஒன்பது பேரைப் படுக்கவைத்தவர்கள் நாங்கள். ட்ரெய்லரிலும் தரையில் ஒரு பாயை விரித்தால் முடிந்ததே?
— ஓய்வுபெற்ற மில் தொழிலாளி, பாண்டுப்

பதில்: ஐயா, அந்த ஒன்பது பேரில் ஒருவராக நானும் எத்தனையோ வீடுகளில் படுத்திருக்கிறேன். அந்த உபசாரத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் அங்கே தரை இருந்தது. ஐந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலமுள்ள ட்ரெய்லரின் மொத்தப் பரப்பே சுமார் 107 சதுர அடிதான். அதில் சமையல் மேடை, அலமாரி, கழிப்பறை, கட்டில் எல்லாம் போக மிஞ்சுவது இரண்டடி அகல நடைபாதை. அதில் பாயை விரித்தால் ராத்திரி எழுந்திருக்கிற ஒவ்வொருவரும் படுத்திருப்பவரைத் தாண்டித்தான் போக வேண்டும். வீட்டில் கூடுதலாக வந்தவர்கள் மொட்டைமாடிக்குப் போனார்கள் இல்லையா, அதே வழியை இங்கேயும் பிடியுங்கள். வண்டியின் பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் கூடாரச் சாய்ப்பு கிடைக்கிறது. மழையில்லாத மாதங்களில் இரண்டு மடக்குக் கட்டிலும் ஒரு கொசுவலையும் போட்டால், உள்ளே படுப்பதைவிட அதுதான் சுகம்.

கேள்வி: எங்கள் காரில் ஐந்து பேர். பின்னால் ட்ரெய்லர் வந்துவிட்டால் மாமா, அத்தை இருவரையும் அதில் உட்காரவைத்துக் கூட்டிப்போகலாம் அல்லவா?
— வங்கி ஊழியர், பாண்டுப் கிழக்கு

பதில்: கூடவே கூடாது. ஓடுகிற ட்ரெய்லருக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. பெல்ட்டும் இல்லை, பிடிப்பும் இல்லை. உள்ளே ஒருவர் விழுந்தால் முன்னால் ஓட்டுகிறவருக்குத் தெரியவும் தெரியாது. ட்ரெய்லர் வாங்குகிறவர்கள் கட்டிலைத்தான் எண்ணுகிறார்கள். முதலில் எண்ண வேண்டியது கார் ஸீட்டை. படுக்க ஆறு இடம் இருந்தும் போய்ச் சேர ஐந்து இடம்தான் என்றால் ஆறாவது ஆள் எப்படி வருவார்? மும்பைக்காரர்களிடம் இதற்கு நல்ல பதில் இருக்கிறது. பண்டார்தராவில் முகாம் என்றால், மாமாவும் அத்தையும் தாணேயில் ரயில் ஏறி இகத்புரியில் இறங்கட்டும். நீங்கள் அங்கே போய் ஏற்றிக்கொள்ளுங்கள். கசாரா மலைப்பாதையை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வருகிறவர்கள் உங்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள்.

கேள்வி: சொஸைட்டியில் எனக்கு ஒரு கார் பார்க்கிங் இருக்கிறது. காரை வெளியே விட்டுவிட்டு ட்ரெய்லரை அதில் நிறுத்தலாமா?
— ஐ.டி. ஊழியர், பாண்டுப் மேற்கு

பதில்: மும்பைக் கட்டட விதிகளில் பெரிய காருக்கான இடம் 2.5-க்கு 5.5 மீட்டர், சின்னக் காருக்கு 2.3-க்கு 4.5 மீட்டர். நாலு பெரியவர்கள் படுக்கிற ட்ரெய்லர், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைச் சட்டத்தையும் சேர்த்தால், பெரும்பாலும் இதைத் தாண்டிவிடும். கூரையை மடக்கி இறக்கும் வகை ஒருவேளை அடங்கும். எதுவானாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு கமிட்டியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ட்ரெய்லருக்குத் தனிப் பதிவும் தனி எண்ணும் வேண்டும். நமக்கு அது வடாலா ஆர்.டி.ஓ., எம்.எச். 03. அப்புறம் ஜூன் முதல் செப்டம்பர்வரை அந்த வண்டி மழையில் நிற்கும். மெத்தைகளைக் கழற்றி வீட்டுக்குள் வைக்க இடமில்லை என்றால், அக்டோபரில் கதவைத் திறக்கும்போது வரும் பூஞ்சை நாற்றத்தில் எந்த விருந்தாளியையும் படுக்கவைக்க முடியாது.

கேள்வி: நான்கு பேரின் பெட்டி, அரிசி, பாத்திரம், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் ட்ரெய்லரின் பின்கட்டிலில் அடுக்கிவிட்டால் காரில் காலை நீட்டி உட்காரலாம். சரிதானே?
— டெம்போ உரிமையாளர், காஞ்சூர்மார்க்

பதில்: நம் தாத்தாக்கள் மாட்டுவண்டியில் பாரம் ஏற்றியபோது பார்த்த அதே விஷயம்தான்: முன்பாரமா, பின்பாரமா? ட்ரெய்லரில் பின்பாரம் ஏறினால் முன்பக்கக் கொக்கி மேலே தூக்கும், வேகம் பிடித்ததும் வண்டி வாலை ஆட்டத் தொடங்கும். கண்டாலா இறக்கத்தில் அந்த ஆட்டம் வந்தால் காரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். கனமான சாமான்கள் அச்சுக்கு மேலேயோ, சற்று முன்னாலேயோ, தரையோடு இருக்கட்டும். தண்ணீரை அங்கே போய் நிரப்புங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ, நூறு லிட்டர் நூறு கிலோ.

போய்ச் சேர்ந்த பிறகும் இதே கணக்குதான். காரிலிருந்து கழற்றிய ஒற்றை அச்சு ட்ரெய்லரின் நாலு மூலை ஜாக்கையும் இறக்காமல் மாமா உள்ளே ஏறிப் பின்கட்டிலில் உட்கார்ந்தால் வண்டி குடைசாயும். ஜாக்கை இறக்கிய பிறகுதான் ஏணியை வைக்க வேண்டும், இதை வீட்டுச் சட்டமாகவே ஆக்கிவிடுங்கள். காரின் கையேட்டையும் ஒருமுறை புரட்டுங்கள். எத்தனை கிலோ இழுக்கலாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். இழுக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் அதோடு ஆசையை நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: உள்ளேயே கழிப்பறை உள்ள வண்டி நல்லதா, இல்லாதது நல்லதா?
— ஆசிரியை, பாண்டுப்

பதில்: வயதான விருந்தாளி வருகிறார் என்றால் உள்ளே இருப்பதுதான் நல்லது. ஆனால் அதற்குப் போகிற வழியைப் பாருங்கள். நள்ளிரவில் சம்பந்தி அம்மாள் எழுந்திருக்கிறார். யாருடைய கட்டிலையும் தாண்டாமல், விளக்கு போட்டு யாரையும் எழுப்பாமல் அவரால் போய்வர முடிய வேண்டும். முடியாது என்று தெரிந்தால் அவர் சாயங்காலம் நாலு மணியிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார், உங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டார். நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாக இப்படித்தான் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். கழிவுப் பெட்டி பொதுவாக இருபது லிட்டர் அளவுதான் கொள்ளும். நாலு பெரியவர்களுக்கு ஓரிரு நாளில் நிறைந்துவிடும். யார் எங்கே கொட்டுவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள். நிச்சயமாக ஏரியில் அல்ல. வைதர்ணா ஏரித் தண்ணீர்தான் பாண்டுப்பில் சுத்திகரிக்கப்பட்டு நம் குழாயில் வருகிறது.

கேள்வி: தூரம் எதற்கு? கிண்டிபாடா பக்கம் மலையடிவாரத்தில் நிறுத்தினால் போதாதா?
— கல்லூரி மாணவர், பாண்டுப் மேற்கு

பதில்: அது சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் ஓரம், தம்பி. அங்கே இரவு வாடகை கொடுக்காமல் உலாவுகிறவர் சிறுத்தை.

கேள்வி: ராத்திரி குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், முலுண்ட்

பதில்: ஒருபோதும் வேண்டாம். மூடிய அறையில் கரி புகைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருப்பதும் கிடையாது. வட இந்தியாவில் குளிர்காலம்தோறும் இப்படிக் குடும்பங்கள் போகின்றன. கேஸ் அடுப்பையும் சமையல் முடிந்ததும் சிலிண்டரிலேயே மூடிவிடுங்கள். நாலு பேர் மூச்சு விடுகிற இடம். கூரைக் காற்றுத் திறப்பைக் குளிரிலும் ஓரளவு திறந்தே வையுங்கள். குளிருக்குக் கம்பளி இருக்கிறது.

கேள்வி: இந்தக் கூடாரம், ட்ரெய்லர் எல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம். நமக்கு எதற்கு?
— தாத்தா, பாண்டுப் கிழக்கு

பதில்: ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு நெல்லைச் சீமைக் குடும்பங்கள் சட்டிபானையோடு போய், தாமிரபரணிக் கரையில் குடில் போட்டு நாள்கணக்கில் தங்குவதைத் தாத்தா பார்த்திருப்பீர்கள். இப்போது வனத்துறை கட்டுப்பாடுகளை இறுக்கியிருக்கிறது, காட்டுக்கு அது தேவையும்கூட. ஆனால் உறவுகளோடு வெளியில் படுத்து எழுகிற பழக்கம் நம்முடையதுதான். நீங்களும் கிளம்புங்கள்.

கேள்வி: ஒரே வரியில் சொல்லுங்கள்: வாங்கலாமா, வேண்டாமா?
— அவசரக்காரர், நாஹூர்

பதில்: வருஷத்துக்கு இரண்டு முறை போகிற பாண்டுப் குடும்பம் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுக்கட்டும். அதிலும் விருந்தாளிகள் உண்டென்றால் ட்ரெய்லரைவிட வேன் வகைக் காரவன் மேல்: எல்லாரும் பெல்ட் போட்டு ஒன்றாகப் போகலாம், பார்க்கிங் கவலை இல்லை. மகாராஷ்டிர அரசு 2021-ல் காரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கையே கொண்டுவந்திருக்கிறது. பதிவான வண்டியா என்று கேட்டு எடுங்கள். ஒரே வரி என்றீர்கள், நாலு வரி ஆகிவிட்டது. நாஹூரில் ஸ்லோ லோக்கல்தானே நிற்கும், படித்துக்கொண்டே காத்திருக்கலாம்.

கேள்வி: நான் விருந்தாளி. மும்பையில் இருக்கிற தம்பி இப்படி ஒரு வண்டியில் தங்கக் கூட்டிப்போகிறானாம். எனக்கு முழங்கால் வலி. என்ன கொண்டுவரட்டும்?
— அண்ணன், திருநெல்வேலி

பதில்: ஒரு போர்வை, ஒரு டார்ச், சுலபமாக மாட்டுகிற செருப்பு, மாத்திரை. பெரிய சூட்கேஸ் வேண்டாம், மடங்குகிற பை போதும். முழங்கால் வலியை மட்டும் மறைக்காமல் இப்போதே போனில் சொல்லிவிடுங்கள். தெரிந்தால் தம்பி உங்களுக்குக் கீழ்க்கட்டிலை ஒதுக்கி, வாசலில் இன்னொரு படியும் வைப்பார். அல்வாவைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள். அச்சுக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள்.