கறுப்பு வெல்வெட்டுக்குப் பின்னால் ஒரு சீனர்

மேரி மைல்ஸ் மின்டர் என்ற நடிகைக்கு வெளிர்நீலக் கண்கள். நேரில் பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். ஃபிலிம் மட்டும் சொக்கவில்லை. மௌனப்பட காலத்து ஃபிலிமுக்கு நீலமும் வெள்ளையும் ஒன்றுதான். திரையில் அம்மணி கருவிழியே இல்லாமல், காதல் காட்சியில்கூட ஆவி புகுந்தவர் மாதிரி நின்றார்.

இந்த நேரத்தில் ஐந்தடிச் சொச்சம் உயரமுள்ள சீன உதவியாளன் ஒருவன் அவரை ஸ்டில் எடுத்துக் கொடுத்தான். படத்தில் கண்கள் கருகருவென்று இருந்தன. அம்மணிக்குத் தலைகால் புரியவில்லை. எப்படி நடந்தது என்று பையனுக்கும் புரியவில்லை. பிறகு ஆராய்ந்தால், அவர் பார்த்த திசையில் கறுப்பு வெல்வெட் துணி தொங்கியிருக்கிறது. அதன் பிரதிபலிப்புதான் கண்ணில் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான், ஒரு சட்டத்தில் வெல்வெட்டைக் கட்டி, நடுவில் லென்ஸ் நுழைய ஓட்டை போட்டுவிட்டான். மின்டர் கீழை நாட்டிலிருந்து மந்திரவாதி கேமராமேனை இறக்கியிருக்கிறார், அவர் வெல்வெட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் படமெடுப்பார் என்று ஹாலிவுட் முழுக்கப் பேச்சு. கீழை நாடாவது மண்ணாவது! பையன் வாஷிங்டன் மாநிலத்து பாஸ்கோவில் வளர்ந்தவன்.

பெயர் ஜேம்ஸ் வோங் ஹவ். 1899இல் சீனாவின் குவாங்டோங்கில் பிறந்து, ஐந்து வயதில் அமெரிக்கா வந்தவர். கொஞ்ச நாள் குத்துச்சண்டை. பிறகு வாரம் 10 டாலருக்கு ஸ்டூடியோவின் கேமரா அறையைக் கூட்டிப் பெருக்கும் உத்தியோகம். கிளாப் பலகை பிடிக்க ஆள் இல்லாத ஒரு நாள், வாயில் தன் முகத்தைவிடப் பெரிய சுருட்டோடு வந்து நின்றார். இயக்குநர் செசில் பி. டிமில்லுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய இயக்குநர் சிரித்தால் சின்னப் பையனுக்கு வேலை நிரந்தரம்.

பெயர் எடுத்த பிறகு, படமெடுக்கச் சீனாவுக்குப் போனார். திரும்பி வருவதற்குள் ஹாலிவுட் பேச ஆரம்பித்துவிட்டது. பேசும் படத்தில் அனுபவம் இல்லையே என்று கையை விரித்தார்கள். பேசப்போவது நடிகர்கள், கேமராமேனுக்கு எதற்கு அனுபவம் என்று யாரும் யோசிக்கவில்லை. கொஞ்ச காலம் ஈ ஓட்டிவிட்டு, 1931இல் ‘டிரான்ஸட்லாண்டிக்’ படத்தில் பக்கத்தில் இருப்பவரையும் தூரத்தில் இருப்பவரையும் ஒரே கூர்மையில் காட்டினார். பத்து வருடம் கழித்து ‘சிட்டிசன் கேன்’ அதையே செய்தபோது உலகம் எழுந்து நின்று கைதட்டியது. முந்தியவருக்கு அல்ல.

1937இல் எழுத்தாளர் சனோரா பாப்பை பாரிஸில் மணந்தார். கலிபோர்னியாவில் அந்தத் திருமணம் செல்லாது. வெள்ளைக்காரியைச் சீனர் கட்டக்கூடாது என்று சட்டம். 1948இல் நீதிமன்றம் அதைத் தூக்கியெறியும்வரை, ஊர் அறிய அவர்கள் கணவன் மனைவி இல்லை. அந்தச் சட்டத்தைக் காத்த அதே மாநிலம்தான் வருடம் முழுக்கக் காதல் படமாக எடுத்துத் தள்ளியது!

இதைவிட வேடிக்கை 1942இல். கொடி பறக்க, ஊரே பாட, அமெரிக்க தேசபக்தியைப் பிழிந்தெடுத்த ‘யாங்கி டூடுல் டாண்டி’க்கு ஒளிப்பதிவு யார்? நம்மாள்தான். சீனருக்குக் குடியுரிமை தரக்கூடாது என்ற சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது. அடுத்த வருடம்தான் செத்தது. போதாக்குறைக்கு, ஜப்பானோடு போர் நடந்த நேரம்; ஜப்பானியர் என்று நினைத்து யாராவது அடித்துவிடப் போகிறார்களே என்று ‘நான் சீனன்’ என்ற பட்டனைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார். அந்தப் படத்தின் நாயகன் ஜேம்ஸ் கேக்னி, நண்பருக்காகத் தானும் ஒன்றைக் குத்திக்கொண்டார். கேக்னியைப் பார்த்துச் சீனர் என்று நம்பியவர் யாரும் இருந்திருக்க முடியாது.

வடக்கு ஹாலிவுட்டில் ஹவ் ஒரு சீன உணவகமும் வைத்திருந்தார். அதைப் படமெடுக்க வந்த பத்திரிகைப் புகைப்படக்காரர், கட்டடம் முழுசாகக் கிடைக்கவில்லை என்று பின்னால் நகர்ந்து நகர்ந்து நடுரோட்டுக்கே போய்விட்டார். வைட் ஆங்கிள் லென்ஸ் போட்டால் போதுமே என்றார் ஹவ். படமெடுப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீர் போய் நூடுல்ஸைக் கவனியும் என்று பதில் வந்தது.

‘பாடி அண்ட் சோல்’ குத்துச்சண்டைக் காட்சிகளுக்காக, கையில் கேமராவும் காலில் ரோலர் ஸ்கேட்டுமாக மேடையில் ஏறி, உதவியாளர் ஒருவரைத் தள்ளச்சொல்லி எடுத்தார். அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது, எடிட்டருக்கு! ஹவ்வுக்குப் பரிந்துரைகூட இல்லை. பிற்பாடு ‘தி ரோஸ் டாட்டூ’, ‘ஹட்’ என்று இரண்டு ஆஸ்கர் கொடுத்துக் கணக்கை ஒருவாறு நேர் செய்தார்கள். 1976இல் காலமானார்.

‘யாங்கி டூடுல் டாண்டி’யை அமெரிக்கர்கள் இன்றும் சுதந்திர தினத்தில் டிவியில் பார்த்துக் கண்கலங்குகிறார்கள். உங்களுக்கும் பார்க்கக் கிடைத்தால், கொடி ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். டைட்டிலில் கேமராமேன் பெயர் வரும்போதே கைதட்டிவிடுங்கள்.