பட்டறைப் பதில்கள்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளின் மரவேலையைப் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துபவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: முன்வாசல் கதவைப் பழுதுபார்க்க நீங்கள் கேட்ட தொகைக்குப் புதுக் கதவே வாங்கிவிடலாமே? (வாசகர், தேவகோட்டை)

வாங்குங்களேன். பழைய கதவை எடுத்துப்போக வியாபாரி தானே தேடி வருவார். அவர் தரும் விலையைக் குறித்துக்கொண்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் அதே மாதிரிக் கதவு என்ன விலை என்று விசாரியுங்கள். பிறகு என் எஸ்டிமேட்டைப் படித்தால் மலிவாகத் தெரியும்.

கேள்வி: எஸ்டிமேட்டில் ஒன்று சொல்லிவிட்டு, பாதி வேலையில் கூடக் கேட்பது என்ன நியாயம்? (வாசகி, புதுக்கோட்டை)

உத்திரத்தின் நடுப்பகுதி, கூடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். அது நன்றாகத்தான் இருக்கும். சுவருக்குள் போய் உட்காருகிற முனைதான் வில்லன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். அதன்மேல் யாரோ ஒரு புண்ணியவான் சிமெண்ட் பூசியிருப்பார். வெளியே வர வழியில்லாத ஈரம் உத்திரத்து முனையில் போய்த் தங்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடிக்கும். மேலே பெயிண்ட் பளபளக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் ஊறிய ரஸ்க்கில் இறங்குவதுபோல் இறங்கும்.

இதைச் சுவரைத் திறக்காமல் சொல்ல நான் ஜோசியன் இல்லை. அதனால் இப்போது இரண்டு எஸ்டிமேட் தருகிறோம். முதலாவது, முட்டுக் கொடுத்து, பூச்சைத் தட்டி, முனையைப் பார்ப்பதற்கு மட்டும். இரண்டாவது, பார்த்த பிறகு. முட்டுக்குத் தனியாகக் காசா என்று கேட்கிறார்கள். மெட்ராஸ் டெரஸ் தளத்தில் தேக்குச் சட்டங்களுக்கு மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாகக் கோணவாட்டத்தில் அடுக்கி, அதற்கு மேல் சுண்ணாம்புக் கான்கிரீட் போட்டிருப்பார்கள். அத்தனை பாரமும் கடைசியில் அந்த முனைகளுக்குத்தான் வருகிறது. முட்டு இல்லாமல் திறந்தால் எஸ்டிமேட் தேவைப்படாது, ஆம்புலன்ஸ்தான் தேவைப்படும்.

உளுத்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, நல்ல தேக்குத் துண்டைச் சாய்வாகச் சீவிச் சேர்த்து போல்ட் முடுக்குவோம். முழு உத்திரத்தையும் மாற்றச் சொல்கிற காண்ட்ராக்டர் ஒரே தொகையாகச் சொல்வார், வாஸ்தவம். கழற்றிய பழைய உத்திரம் யார் லாரியில் ஏறுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபெவிகால் போடுவீர்களா?

போடுவோம். நாளைக்குக் கழற்ற வேண்டி வரும் இடத்தில் போடமாட்டோம்.

கேள்வி: ஆசாரிகளுக்குத் தினக்கூலியா, காண்ட்ராக்டா? எது கட்டுபடியாகும்? (வாசகர், கும்பகோணம்)

புது வேலைக்குக் காண்ட்ராக்ட். பழைய வேலைக்கு அது விஷம். கன அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசிப் பாருங்கள், மறுநாளே வீட்டிலுள்ள நல்ல மரமெல்லாம் ‘உளுத்துப்போச்சு முதலாளி’ ஆகிவிடும். ஆசாரியைக் குறை சொல்ல முடியாது. மாற்றினால்தானே அவருக்குக் காசு. நாலு அங்குல ஒட்டுப்போட ஒரு நாள் முழுக்க உட்காருகிறவருக்கு அந்த நாளின் கூலியைக் கொடுத்தால்தான் பாக்கிக் கட்டை பிழைக்கும். ஆடிட்டர் ஒவ்வொரு வருஷமும் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார். எங்கள் மூத்த ஆசாரி என்னைத் ‘தம்பி’ என்பார், நான் ‘அண்ணே’ என்பேன். சனிக்கிழமை சம்பளம் எண்ணிக் கொடுக்கிற நேரம் மட்டும் நான் முதலாளி.

கேள்வி: கழற்றிய கதவை மறுபடி பூட்டும்போது துண்டுகள் மாறிப்போகாதா?

சாக்பீஸில் எழுதினால் மாறும். முதல் மழைக்கே எண்கள் போய்விடும். கழுந்தின் (துளைக்குள் செருகும் முனையின்) மறைவான முகத்தில் உளியால் அடையாளம் வெட்டுகிறோம். சில கதவுகளில் அந்தக் காலத்து ஆசாரி வெட்டிய அடையாளம் ஏற்கெனவே இருக்கிறது. அப்போது எங்களுக்கு வேலை மிச்சம்.

கேள்வி: பர்மா தேக்கு இன்னும் கிடைக்கிறதா? (வாசகர், மதுரை)

முழு மரமாக வராது. 2014 ஏப்ரலிலிருந்து மியான்மர் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. எங்களுக்கு வருவது இடித்த வீட்டு மரம். ஒரு வீடு விழுந்தால்தான் இன்னொரு வீட்டுக்கு ஒட்டு கிடைக்கிறது, என்ன செய்ய? வந்த கட்டையை நேராக ரம்பத்துக்கு விடமாட்டோம். உள்ளே முறிந்து கிடக்கும் ஆணிக்காக மெட்டல் டிடெக்டரால் தடவிப் பார்ப்போம். ஒரு ஆணி தப்பினாலும் பிளேடு காலி. புதுத் தேக்கு வாங்கலாமே என்றால், இளசிலேயே வெட்டிய தோட்டத்துத் தேக்கில் வெளுத்த வெளிமரம் அதிகம். கரையானுக்கு அதுதான் கல்யாண விருந்து.

கேள்வி: மெஷின் இருக்கும்போது உளியும் இழைப்புளியும் எதற்கு?

மரத்தை அறுக்க மெஷின்தான். பழைய மரத்தோடு சேர்கிற முகத்துக்குக் கைதான். இழைப்புளி ஓடிய தடத்துக்குப் பக்கத்தில் மெஷின் தேய்த்த பரப்பு கண்ணாடியாக நின்று பல்லைக் காட்டும். பாரிஸ் நோத்ர தாம் தேவாலயம் 2019-இல் எரிந்து, 2024 டிசம்பரில் திறந்ததே, அதன் கூரைக்கு ஓக் மரங்களைக் கோடாலியால் செதுக்கினார்கள். அங்கே ரம்ப மில் இல்லாமலா?

கேள்வி: புதுத் துண்டுக்குச் சாயம் பூசிப் பழசு மாதிரி ஆக்கிவிடலாம்தானே? (வாசகி, சென்னை)

1964-இல் வெனிஸில் கூடிய நிபுணர்கள் வகுத்த சாசனம், புதுத் துண்டு முழுமையோடு ஒத்துப்போக வேண்டும், ஆனால் பழசிலிருந்து பிரித்தறியவும் முடிய வேண்டும் என்கிறது. எங்கள் பட்டறைக் கணக்கில்: கூடத்து வாசலில் நின்று பார்த்தால் தெரியக்கூடாது, மூக்கு உரசப் பார்த்தால் தெரிய வேண்டும். துண்டின் பின்பக்கம் வருஷத்தை வெட்டிவைப்போம். பெயர் போடுவதில்லை. வேலை மோசமாக இருந்தால் எப்படியும் கண்டுபிடித்து வந்துவிடுவார்கள்.

கேள்வி: குடுமிக் கதவு கீச்சென்று கத்துகிறது. எடுத்துவிட்டுக் கீல் போடலாமா?

குடுமியில் கதவின் எடை நேராகக் கீழே குழியில் இறங்குகிறது. கீல் போட்டால் அவ்வளவு எடையும் நிலையின் பக்கவாட்டில் ஸ்க்ரூவைப் பிடித்துத் தொங்கும். சத்தத்துக்கு எண்ணெய் விடுங்கள். ராத்திரி தாமதமாக வரும் பிள்ளைகளைத் தவிர அந்தச் சத்தத்தால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை.

கேள்வி: பட்டறையில் எதற்கு அதிகம் பயப்படுவீர்கள்? (வாசகர், திருநெல்வேலி)

எண்ணெய்த் துணிக்கு. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், காற்று பட்டுத் தானே சூடேறித் தீப்பிடிக்கும், தீக்குச்சியே வேண்டாம். விரித்துக் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் டின்னில் முக்க வேண்டும். சாயங்காலம் துணி எண்ணுவதை நான் யாரிடமும் விடுவதில்லை. இங்கிலாந்தில் அப்பார்க் என்ற 17-ஆம் நூற்றாண்டு மாளிகை 1989-இல் எரிந்தது. காரணம், கூரையைப் பழுதுபார்க்க வந்தவர்களின் ப்ளோ டார்ச். வேலை முடியச் சில நாள்தான் பாக்கி இருந்தது.

கேள்வி: என் மகனை உங்களிடம் அனுப்பலாமா? பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ! (வாசகர், திருச்சி)

அனுப்புங்கள். முதலில் சில மாதம் உளி தீட்டத்தான் விடுவோம், கோபித்துக்கொள்ளக் கூடாது. பெண் வீட்டார் கேட்டால் ‘ஹெரிடேஜ் கன்சர்வேஷன்’ என்று சொல்லட்டும். என் விசிட்டிங் கார்டிலும் அதுதான் இருக்கிறது.