சொந்தமாக ஒரு தளம், ஊர்ப்பட்ட கேள்விகள்

போன முகூர்த்தத்தில், பந்தியில் எனக்குப் பக்கத்து இலைக்காரராக வாய்த்தவர் மனைவிக்குச் சித்தப்பா முறை. சாம்பார் வரைக்கும் எல்லாம் சுமுகமாகத்தான் போனது. ரசவாளி வருவதற்குள், "மாப்ளே, நீங்க சொந்தமா வெப்சைட்டு வச்சிருக்கீங்களாமே?" என்றார். ஆமாம் என்றேன். "எவ்வளவு வருது?" என்றார்.

எதிர் வரிசையில் இரண்டு பேர் அப்பளத்தை நொறுக்குவதை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் வரலை மாமா. வருஷா வருஷம் நான்தான் பணம் கட்டறேன்."

அவர் கொஞ்ச நேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நீங்களும் கேட்டிருப்பீர்கள். என்னிடம் இல்லாவிட்டால் வேறொரு அப்பாவியிடம். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை வற்றிப்போனதால், எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே ஒருமுறை எழுதிவிடுகிறேன். 'எதற்காக இதை நடத்துகிறாய்?' என்ற மூலக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வருமானம். தமிழில் எழுதும் தளங்களைக் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரத் திட்டம் ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன் தமிழில் எழுதியவர்கள் எல்லாரும் தியாகிகள். அதற்குப் பின் எழுதுகிறவர்களுக்கு அந்தப் பட்டமும் கிடையாது. கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணத்தை அனுப்புவார்கள். மூடிப்போன சினிமா தியேட்டர்களைப் பற்றி எழுதுகிற ஒருவன் அந்த 100 டாலரைச் சேர்ப்பதற்குள் மிச்சமிருக்கிற தியேட்டர்களும் கல்யாண மண்டபமாகிவிடும். தவிரவும், 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டரைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கும் இடத்தில், இரண்டாவது பத்திக்கும் மூன்றாவதற்கும் நடுவே முடி உதிர்வதற்கு எண்ணெய் விளம்பரம் வந்து நிற்பதை என்னால் சகிக்க முடியாது. எனக்கு முடி உதிர்வது வேறு விஷயம்.

'சொந்தமா வச்சிருக்கீங்களா' என்பதிலும் ஒரு திருத்தம். சொந்தமெல்லாம் இல்லை. டாட் காம் பெயரை ஒரேயடியாக யாரும் வாங்கிவிட முடியாது. அதிகபட்சம் 10 வருஷத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம், அவ்வளவுதான். கெடு தவறினால் கொஞ்ச நாள் பொறுப்பார்கள். பிறகு மீட்பதற்கென்று ஒரு கட்டணம் கேட்பார்கள், அதுவும் சும்மா இல்லை, வலிக்கிற மாதிரி. அதையும் விட்டால் பெயர் ஊருக்குப் பொது. யாராவது எடுத்து அதில் சூதாட்டக் கடை வைப்பார்கள். தியேட்டர் வரலாறு படிக்க வருகிறவர் ரம்மி ஆடிவிட்டுப் போவார்.

"உங்க வீட்டு கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டா வெப்சைட்டு நின்னுடுமா?" இது எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் கேட்டது. சிரிக்காதீர்கள், ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உலகின் முதல் இணையதளத்தை ஓட்டியது தன் மேசைக் கணினியில்தான். யாராவது அணைத்துத் தொலைத்தால் உலகத்தின் ஒரே இணையதளமும் நின்றுவிடும் என்பதால், இது சர்வர், அணைக்காதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார். எங்கள் வீட்டில் எதை எழுதி ஒட்டினாலும் அணைக்கிறவர்கள் படித்துவிட்டா அணைக்கிறார்கள்? நல்லவேளை, என் தளம் ஏதோ ஒரு தூரதேசத்து வாடகைக் கணினியில் இருக்கிறது. எங்கள் வீட்டு ஸ்விட்சு அங்கே எட்டாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் "தமிழ்ல எப்படி சார் அடிக்கிறீங்க?" என்று மட்டும் என்னிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்கிறவர் ஒரு வரியில் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறார். என்னிடம் இருப்பது ஒரு புராணம்.

தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து ஆரம்பிப்பேன். அப்போது தமிழ்த் தளம் எதைத் திறந்தாலும் உச்சியில், 'இந்த எழுத்துருவை இறக்கிக்கொண்டு பிறகு படிக்கவும்' என்று அறிவிப்பு இருக்கும். அந்த அறிவிப்பும் தமிழில்தான் இருக்கும், ஆகவே அதையும் படிக்க முடியாது. பத்திரிகைக்குப் பத்திரிகை எழுத்துரு வேறு. ஒருவருடைய 'அ' இன்னொருவருடைய இயந்திரத்தில் கேள்விக்குறி, மூன்றாமவருக்கு ஐரோப்பியத் தொப்பி போட்ட ஏதோ ஒரு எழுத்து. மூன்று நாளிதழ் படிக்க மூன்று எழுத்துரு வேண்டும். இலங்கைத் தமிழர் பாமினியை விட மாட்டார்கள். நம்மூர் அரசு அலுவலகங்களுக்கு வானவில். மின்னஞ்சல் குழுக்களில் இருந்தவர்கள் திஸ்கி கட்சி. தெருமுனை டிடிபி கடைக்காரர் எந்தக் கட்சி என்று அவருக்கே தெரியாது, மெஷின் வாங்கும்போது கூட வந்தது என்பார்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அறிஞர்கள் உட்கார்ந்து பேசினார்கள். எழுத்துக் குறியீட்டுக்கு ஒரு தரம் வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்து, டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தார்கள். நாம் வேறு என்ன செய்வோம்?

இத்தனைக்கும் 1991லேயே யூனிகோடு தமிழுக்கு 128 இடம் ஒதுக்கி, பாய் விரித்து வைத்திருந்தது. உட்காரத்தான் ஆள் இல்லை. ஏனென்றால் அன்றைய கணினிகளுக்குக் கொம்பு என்றால் என்னவென்று தெரியாது. 'கொ' என்று அடித்தால் 'க' முதலில் வரும், கொம்பு அதற்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு அநாதையாக நிற்கும். விண்டோஸ் எக்ஸ்பியில் இது சரியாகும் என்றார்கள். ஆனது. ஆனால் கண்ட்ரோல் பேனலுக்குப் போய் ஒரு பெட்டியில் டிக் அடித்து, கேட்கும்போது சிடியைச் செருக வேண்டும். அசல் சிடியை. நம் ஊரில் அன்றைக்கு யாரிடமாவது அசல் சிடி இருந்ததா? தமிழ் வளர்ச்சி அந்த இடத்தில் சில வருஷம் தேங்கி நின்றது.

இந்த இடத்துக்கு வரும்போது கேட்டவர், "சரி சார், அப்புறம் பார்க்கலாம்" என்று எழுந்திருக்கப் பார்ப்பார். விட மாட்டேன். தமிழ் 99 விசைப்பலகைக்கு இன்னும் வரவில்லையே.

அதே மாநாடு தந்ததில் உருப்படியானது அதுதான். உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதன் தலையில் புள்ளி தானாக விழும். 'ந'வுக்குப் பின் 'த' தட்டினால் 'ந்த', 'ம'வுக்குப் பின் 'ப' தட்டினால் 'ம்ப'. எந்த மெல்லினத்துக்குப் பின்னால் எந்த வல்லினம் வரும் என்று நம் வாத்தியார் பிரம்பால் சொல்லிக்கொடுத்ததை அது பிரம்பில்லாமல் வைத்திருக்கிறது. 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர் அதற்கு ஐந்து தட்டுகிறார். பெற்ற தாய்க்கு ஒரு தட்டு அதிகம், அதுவும் இங்கிலீஷில். இதை நான் சொல்லும்போது என் குரல் தழுதழுக்கும் என்று மனைவி சொல்கிறாள்.

அப்புறம் 2010. தமிழக அரசு கடைசியில் யூனிகோடுதான் தரம் என்று அறிவித்தது. அறிவித்த கையோடு டேஸ் 16 என்று இன்னொன்றையும் தரமாக்கியது. இரண்டு இல்லாமல் நமக்குத் தூக்கம் வராது. இன்றைக்கும் எனக்குக் கட்டுரை அனுப்பும் ஒரு நண்பர் வானவில்லில் அடித்து அனுப்பிவிட்டு, "உங்க சைட்ல போட்டா கட்டம் கட்டமா வருதே, உங்க சைட்ல ஏதோ கோளாறு" என்கிறார். அவருக்கு மாற்றிக்கொடுத்து, மாற்றியதில் விட்டுப்போன துணைக்கால்களை ஒவ்வொன்றாகத் தேடி நட்டு, உதிரியாகக் கிடக்கும் புள்ளிகளைப் பொறுக்கி...

"இல்ல சார்," என்பார் கேட்டவர், வாசலில் செருப்பைப் போட்டபடி. "நான் செல்போன்ல கேட்டேன்."

செல்போனில் வாயால் சொன்னாலே அடித்துவிடுகிறது. அது எனக்கும் தெரியும்.

மற்றவை சில்லறைக் கேள்விகள். "பேசாம யூட்யூப்ல ஆரம்பிங்களேன்?" என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதைக் கேட்பவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கிறேன். "எங்க கடைக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்களேன், சும்மா சிம்பிளா?" சிம்பிளாக என்றால் காசில்லாமல் என்று பொருள். செய்துகொடுத்தால் பிரிண்டரையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்வார்கள். "கூகுள்ல முதல் பக்கத்துல கொண்டுவரோம்" என்பவர்கள் மனிதர்கள்தானா என்றே தெரியவில்லை. வாரம் தவறாமல் மின்னஞ்சல் போடுகிறார்கள். என் தளத்தை ஆழ்ந்து ஆராய்ந்ததாகவும், அதில் ஏராளமான பிழைகள் இருப்பதாகவும், என் 'தொழில்' மேலும் வளர வேண்டும் என்றும் எழுதுகிறார்கள். மூடிய தியேட்டர்கள் மேலும் வளர்வது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

"ஃபேஸ்புக்ல போட்டா போதாதா?" என்பதற்கு மட்டும் கோபமில்லாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன். ஜியோசிட்டீஸ் என்று ஒன்று இருந்தது. சொந்தப் பக்கம் வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் எல்லாரும் அங்கேதான் குடியேறினார்கள், அதுவும் இலவசமாக. 1999இல் யாகூ அதை 300 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. ஆர்குட் 2014 செப்டம்பரில் போனது. அதில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட நற்சான்றுகளை நினைத்து இன்றும் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். இவ்வளவு சொன்னதும் கேட்டவர், "அப்போ இன்ஸ்டாகிராம்?" என்றார்.

"எத்தனை பேர் பாக்கறாங்க?" முன்பெல்லாம் தளத்தின் அடியில் ஓர் எண்ணிக்கைப் பலகை ஓடும். ஆட்டோ மீட்டர் தோற்றம் கொண்டது, நம்பகத்தன்மையும் கிட்டத்தட்ட அதேதான். இப்போது சர்வரின் பதிவேட்டைத் திறந்தால் ஜனத்திரள். ஆனால் அதில் பாதிக்கு மேல் ஜனம் இல்லை, இயந்திரங்கள். தேடுபொறிகள் அனுப்பியவை சில. செயற்கை நுண்ணறிவுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க என் தியேட்டர்களை அள்ளிக்கொண்டு போக வருபவை சில. உள்ளே வராதே என்று எழுதி வைக்க ரோபாட்ஸ் கோப்பு என்று ஒன்று 1994 முதல் இருக்கிறது. மரியாதை தெரிந்த இயந்திரம் அதைப் படித்துத் திரும்பிப் போகும், தெரியாதது அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும். மிச்சமிருப்பவை, நடுராத்திரியில் எங்கிருந்தோ வந்து வேர்ட்பிரஸ் நுழைவாயில் எங்கே, எங்கே என்று தட்டுகின்றன. என் தளம் வேர்ட்பிரஸ்ஸே இல்லை. இல்லாத கதவை இத்தனை விசுவாசமாகத் தட்டுகிறவற்றில் ஒன்றாவது, வந்தது வந்தோம் என்று ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுப் போகக் கூடாதா?

உண்மையான எரிச்சல் அங்கேதான் இருக்கிறது. எங்கே வாங்கினீர்கள், யார் செய்துகொடுத்தார்கள், என்ன எழுத்துரு, எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு என்று எல்லாம் கேட்கிறார்கள். கொலு பார்க்க வந்தவர் பொம்மைகளைத் திரும்பியும் பார்க்காமல், படிக்கட்டு இரும்பா மரமா, எந்தக் கடை என்று விசாரித்துவிட்டுச் சுண்டலோடு கிளம்புவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். "உங்க சைட்டு பிரமாதம் சார்" என்று ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதைப் படித்தீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த மேல இருக்கிற நீலக் கலர்" என்றார்.

மூலக் கேள்விக்கு வருகிறேன். வருவதற்கு முன் ஒரு வேண்டுகோள், ஏனென்றால் பதிலைவிட இது எனக்கு அவசரம். அடுத்த முறை தளம் வைத்திருக்கும் யாரையாவது பந்தியில் பார்த்தால் வரவு செலவு கேட்காதீர்கள். ஏதாவது ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு வந்து, அதில் இருப்பது தப்பு என்று சொல்லுங்கள். தங்கம் தியேட்டரில் எத்தனை இருக்கை என்று என்னோடு சண்டைக்கு வாருங்கள், ரசம் ஆறினாலும் பரவாயில்லை. நேரில் முடியாதவர்களுக்கு முதல் பக்கத்திலேயே, அந்த நீலத்துக்குக் கீழே, மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. திட்டுவதானாலும் யூனிகோடில் திட்டுங்கள்.