சிகரத்தில் ஒரு முதுகு

மே மாத வெயிலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த முதுகுகளைத்தான் பொறுக்க முடியவில்லை. வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏற பிப்ரவரி முதல் மே வரைதான் அனுமதி. சீசன் முடிகிற நேரத்தில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க ஏழாவது மலையும், அதன் விளிம்பில் கை விரித்து நிற்கும் ஒரு முதுகும். கீழே ‘தனிமையில் நான்’ என்று ஒரு வரி. சாமி கும்பிடப் போகிறவர்களைச் சொல்லவில்லை; அவர்கள் மூங்கில் தடியை ஊன்றி ஏறி, கும்பிட்டு, இறங்கிவிடுகிறார்கள். தனிமைக்காரர்களைத்தான் கேட்கிறேன்: அந்த முதுகைப் படம் எடுத்தது யார்? செல்ஃபி என்றால் மூக்கு தெரிந்திருக்கும். ட்ரைபாட் என்றால், ஏழு மலைக்கும் அதைச் சுமந்தபோதே பார்க்கப்போகிற ஊரையும் சேர்த்துச் சுமந்தாயிற்று. நண்பர் எடுத்தார் என்றால் தனிமை இரண்டு பேருக்கு. நண்பருக்கும் முதுகு உண்டு, அதுவும் படமாக வேண்டும். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர், “அண்ணா, கொஞ்சம் நகருங்க, ஃப்ரேம்ல வர்றீங்க” என்பார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு தனிமை காத்திருக்கும். ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்கூடத் தனியாக நிற்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

வியூ என்பார்கள். கணக்குப் பார்ப்போம். எங்கள் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நிற்பவருக்கு அடிவானம் சுமார் நாலரை கிலோமீட்டர். 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டாவில், கணக்குப்படி, 183 கிலோமீட்டர். நாற்பது மடங்கு லாபம்தான். ஆனால் கோடை மூட்டத்தில் அதில் பாதி கண்ணில் படாது. பட்டதிலும் எது கோவை, எது மேட்டுப்பாளையம் என்று வாக்குவாதம்தான் மிஞ்சும். எங்கள் நாலரை கிலோமீட்டரில், வருவது யார் படகு என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மாடிப்படிக்கே முட்டி வலிக்கிறவனின் பொறாமை என்பீர்கள். பொறாமைதான்; அதனால் கணக்கு தப்பாகிவிடாது.

உயரத்தில்தான் மனிதன் தன் சிறுமையை உணர்கிறான் என்றும் ஒரு வாதம் உண்டு. 1336-ல் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் பிரான்சின் வான்தூ மலையில் ஏறினார், தம்பியைக் கூட்டிக்கொண்டு. உச்சியில் பிரித்த அகஸ்தீனின் புத்தகம், மலையை வியக்கும் மனிதர்கள் தங்களைக் கவனிப்பதில்லை என்று தலையில் குட்டியது. மனிதர் வாய் பேசாமல் இறங்கினார். பிறகு அதையே கடிதமாக எழுதினார். ஏழு நூற்றாண்டாகப் படிக்கிறோம். ஸ்டேட்டஸ் போடும் ஆசை புதிதில்லை என்பதுதான் இதில் எனக்குத் தெரிகிற நீதி. சரி, நிஜமாகவே தனியாகப் போகலாமே என்றால், தேனி மாவட்டக் குரங்கணியில் 2018-ல் காட்டுத்தீ மலையேறியவர்கள் பலரின் உயிரைக் குடித்த பிறகு, வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போகாதே என்பதுதான் விதி, நியாயமும்கூட. ஆக, மலையில் தனிமைக்குச் சட்டப்படியும் இடமில்லை.

தனிமை வேண்டுமென்றால் இந்த ஏரியில் இருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பறியை வாயில் கவ்வி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களைப் பாருங்கள். கூட்டமாகத்தான் இறங்குவார்கள், சேற்றுக்குள் கை போன பிறகு ஒவ்வொருத்தியும் தனி. அடிவானத்தை நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. அந்த முதுகுகளை யாரும் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை. மலை சீசன் முடிந்ததும் தனிமைக்காரர்கள் இங்கே வந்து, லைட்ஹவுஸ் குப்பத்துக் கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்த்து, மேலே விடுவார்களா என்று விசாரிக்கிறார்கள்.

தாராளமாக வாருங்கள். நண்டுக்கும் இறாலுக்கும் பேரம் பேசாமல் வாங்குங்கள். வியூ பாயிண்ட் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் நிற்கிற இடம்தான். கொஞ்சம் தள்ளி நின்றால் நாங்கள் வலையைக் காயப்போட்டுக்கொள்வோம்.