பார்க்க வந்தவர்கள்

அத்தையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இப்போதுதான் ஒருவர் கேட்டைச் சாத்திக்கொண்டு போகிறார். எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனதைக் கேள்விப்பட்டு வந்தவர். செருப்பு மாட்டும்போது, "ஜாக்கிரதையா இருங்க சார், எங்க சகலைக்கும் இதேதான்" என்றார். சகலை என்ன ஆனார் என்று சொல்லவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டார்.

அத்தையின் பெருந்தன்மைக்கு வருகிறேன். அதற்கு முன் இப்படிப் பார்க்க வருகிறவர்களை ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

உள்ளே நுழையும்போதே, "ரொம்ப இளைச்சுட்டீங்களே!" எடை மெஷினோ கூடியிருக்கிறேன் என்கிறது. அடுத்து, எந்த டாக்டர்? பெயரைச் சொன்னால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். "அவரா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே." தையல் போட்ட பிறகு கேட்டு என்ன செய்ய? பிறகு ஸ்கேன் ஃபிலிம். கூட்டுறவு வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வுபெற்றவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில், தலைகீழாகத் தூக்கிப் பிடித்து "ம்ம்..." என்கிறார். அந்த "ம்ம்"முக்கு எனக்கு அன்றிரவு தூக்கம் போயிற்று. இன்னொருவர் என்னைக் கேட்காமலே வீடியோ காலில் துபாய்க்குக் காட்டினார். சட்டை கூடப் போடவில்லை நான். பிரண்டைத் துவையல் சாப்பிடச் சொல்கிறார்கள், "டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்க" என்ற எச்சரிக்கையோடு. காபி வந்ததும், "எனக்குச் சர்க்கரை வேண்டாம்மா" என்று ஆரம்பித்துத் தன் சுகர், தன் முழங்கால், தன் மூலம் என்று இறங்கிவிடுகிறார்கள். தலையணையில் சாய்ந்தபடி நோயாளி ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாம் முடிந்து, கிளம்புகையில் மேஜைமேல் சாத்துக்குடி. யார்தான் தின்பது அத்தனையையும்?

சரி, அத்தை. அப்பாவின் தங்கை. 1960இல் அவளுக்கு டி.பி. வந்தபோது கல்யாணமாகவில்லை. தாம்பரம் சானடோரியத்துக்கு அனுப்பிவிடச் சொல்லித் தெருவே கூடியது. அதற்கு முன்பே, 1956இல் தொடங்கிய சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம் ஒன்றை நிரூபித்திருந்தது: சானடோரியத்தில் படுத்தவர்களைப் போலவே, வீட்டிலிருந்து ஒழுங்காக மருந்து சாப்பிட்டவர்களுக்கும் குணமாகிறது. 1959இல் வந்த அந்த முடிவையும், வீட்டிலுள்ளவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றுவதில்லை என்று அடுத்து வந்த முடிவையும் உலகமே பிறகு ஏற்றது. எங்கள் தெருக்கோடி தாண்டி மட்டும் அது வரவில்லை. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்ட அவளைப் பார்க்க வந்தவர்கள் மூக்கில் துண்டோடு திண்ணையிலேயே நின்றார்கள். நின்றபடியே, யார் யார் இதே வியாதியில் போனார்கள் என்று ஜன்னல் வழியாகப் பட்டியல் சொன்னார்கள்.

அத்தை ஐசோனியாசிடையும், வயிற்றைப் புரட்டும் 'பாஸ்' மருந்தையும் கை நிறைய விழுங்கிவிட்டு அவர்களைக் கேட்பாள்: "வெயில்ல வந்திருக்கீங்க, மோர் கொண்டுவரச் சொல்லட்டுமா?"

ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுவிட்டுக் கம்பவுண்டர் போனதும் குப்பியின் ரப்பர் மூடியை வெந்நீரில் கொதிக்கவைத்து எடுப்பாள். நாலு மூடி சேர்ந்தால் ஒரு வண்டி. மூடியின் நடுவில் துளையிட்டு, ஈர்க்குச்சியை அதில் செருகித் தீப்பெட்டிக்கு அடியில் பொருத்துவாள். திண்ணைக்காரர்களின் பிள்ளைகளுக்கும் வண்டி உண்டு. ஒதுக்கிவைத்த தன் டம்ளரில் எனாமல் பெயிண்டால் ஒரு மயில் வரைந்தாள், யாரும் தவறி எடுத்துவிட்டுப் பதறக் கூடாதாம். குணமான பிறகு அந்த மயில் டம்ளரில்தான் பால் குடிப்போம் என்று நாங்கள் போட்ட சண்டையில் அது நசுங்கியது தனிக்கதை.

ஒரு வருஷத்துக்கு மேல் மருந்து. அப்புறம் கல்யாணம், மூன்று பிள்ளைகள், நவராத்திரிக்கு வருஷா வருஷம் தானே செய்த காகிதக்கூழ் பொம்மைகள். திண்ணையில் நின்றவர்கள் ஒவ்வொருவரும் படுத்தபோது கஞ்சி கொண்டுபோனவளும் அவள்தான். உள்ளே போய், கட்டிலருகில் உட்கார்ந்து, வியாதியைத் தவிர எல்லாவற்றையும் பேசுவாள்.

தன் 83ஆம் வயதில், தூக்கத்திலேயே போனாள். காரியத்தன்று பந்தியில் பாயசத்துக்கு நடுவே ஒருவர் சொன்னார், "அந்த நெஞ்சு தாங்காதுன்னு நான் அப்பவே சொன்னேன்."

அவர் பிறந்ததே 1964இல்.