கார் கடனுக்கு கார்டு வைத்தியம்

கேள்வி: கார் கடனைக் கிரெடிட் கார்டால் முன்கூட்டியே அடைத்துவிடலாமா?

பதில்: அடைக்கலாம், தம்பி போய் அண்ணன் வந்து உட்காருவார். இந்திய வங்கிகளில் கார் கடன் வட்டி ஆண்டுக்கு 9 சதவீதத்தை ஒட்டியது. கார்டு பாக்கிக்கோ மாதத்துக்கே 3 முதல் 3.75 சதவீதம், ஆண்டுக் கணக்கில் 36 முதல் 45. பெரும்பாலான வங்கிகள் கடனுக்கு நேரடியாகக் கார்டை ஏற்பதுமில்லை. கார்டில் ரொக்கம் எடுத்துக் கட்டினால் தனிக் கட்டணம் உண்டு. வட்டியும் எடுத்த நாளிலிருந்தே ஓடும். நிலையான வட்டிக் கடனென்றால், முன்கூட்டி முடிப்பதற்கும் பல வங்கிகள் கட்டணம் கேட்கும் (ஒழுங்காக இருப்பதற்கும் அபராதம்!). எப்படி அடைத்தாலும், தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்க வேண்டும். அதுவரை பதிவேட்டில் கார் அடமானத்தில்தான் இருக்கும்.