துரை பங்களாவில் இரண்டு ராத்திரி

வாரக்கடைசியில் எங்காவது நாட்டுப்புறமாகப் போய்வர வேண்டும் என்கிற ஆசை, நாட்டுப்புறத்திலேயே கிடப்பவனுக்கு வராது. கெடா மாநிலத்துப் பீடோங் பக்கத்தில், கித்தா எனும் ரப்பர்த் தோட்டத்தின் தொழிலாளர் வரிசைவீட்டில், அதாவது லயத்தில், பிறந்த எனக்கு அது அறுபதைத் தாண்டித்தான் வந்தது. அதுவும் மருமகள் கொண்டுவந்த ஆசை.

அவளுடைய தோழி ஒருத்தி பிரான்சுக்குப் போய், ஏதோ ஒரு கிராமத்துப் பண்ணைவீட்டில் தங்கிப் படம் படமாக அனுப்பிவிட்டாள். கல்சுவர், திராட்சைக் கொடி, முற்றத்து மேசையில் ரொட்டி. விமான டிக்கெட்டின் விலையைப் பார்த்த பிறகு மருமகள் என்னிடம் வந்தாள். "நம்ம கெடாவுலயே இதுமாதிரி ஒரு எடம் இருக்காதா மாமா?" இருந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இருந்த பழைய பங்களா ஒன்றுக்குச் சாயம் பூசி ராத்திரிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்களாம்.

நாங்கள் குடியிருப்பது சுங்கை பட்டாணியில் ஒரு தாமான் குடியிருப்பு. அதுவும் ஒரு காலத்தில் தோட்டம்தான். மரத்தைச் சாய்த்து வீடு கட்டினார்கள். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்போது மரம் இருக்கிற இடமாகத் தேடுகிறோம்.

1960களில் தோட்டத்தைவிட்டு வெளியே போக ஒரு காரணம் வேண்டும். கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, சாமி. இந்த நான்கும் இல்லாமல் "சும்மா போயிட்டு வர்றேன்" என்று அப்பா போய் நின்றிருந்தால், ஆளுக்குக் காய்ச்சலோ என்று கணக்கெழுதும் கிராணி பார்த்திருப்பார். ஆகவே எங்கள் உல்லாசமெல்லாம் சாமி கணக்கில் எழுதப்பட்டது. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை. ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து லோரி பேசுவார்கள். அம்மா முதல் நாளே புளிச்சோறு கிளறி வாழையிலையில் கட்டிவிடுவாள். பாலம் வந்தது 1985-ல். அதுவரை பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெரி ஏற வேண்டும். முருகனைப் பார்க்கப் போகிறோம் என்பது பாதி உண்மை. கடலைப் பார்க்கப் போகிறோம் என்பது மீதி. அதை முருகனும் அறிவான், ஒன்றும் சொன்னதில்லை.

மற்றபடி எங்களுக்கு விடுமுறை கொடுத்தது மழை. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து ஒழுகுகிற கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மிச்சம் பிடித்த பத்து வெள்ளிக்கும் வேறு வேலை வந்தது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. அவற்றைத் தொழிலாளர்களே வாங்கிக்கொள்ள அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மரம் வெட்டுகிறவர்கள் மாதம் பத்து வெள்ளி வீதம் பங்குப்பணம் கட்டினார்கள். சங்கம் வாங்கிய முதல் தோட்டமே எங்கள் கெடாவின் புக்கிட் சிடிம்தான். பொழுதுபோக்குக்குச் சேர்த்திருந்தால் ஒருமுறை கேமரன் மலை பார்த்திருப்பார்கள். தோட்டம் வாங்கினார்கள்.

துரைக்குக் காரணம் தேவையில்லை. வெயில் அலுத்தால் பினாங்குக் கொடிமலைக்குப் போவார். அங்கே 1923 முதலே மலை ரயில் ஓடியது. எங்களுக்கு எதிரிலேயே 1,217 மீட்டர் உயரத்துக்கு குனோங் ஜெராய் நின்றது. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது இருட்டு, பால் எடுக்கும்போது மேகம். அதன் உச்சியைப் போய்ப் பார்த்தவர் எங்கள் லயத்தில் யாருமில்லை.

இப்போது காரணம் வேண்டாம், கார் இருக்கிறது, காசும் ஓரளவு இருக்கிறது. ஆனால் நாள் அமையவில்லை. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். மகனுக்கு அலோர் ஸ்டாரில் அரசாங்க வேலை, பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி. இவர்களுக்கு அந்தக் கணக்கு. மருமகள் வேலை செய்வது பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில். அங்கே சனியும் ஞாயிறும். ஒரே வீட்டில் இரண்டு வாரக்கடைசி. இரண்டுக்கும் பொதுவான சனிக்கிழமையில் துணி துவைக்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப்பில் நடந்த பேச்சுவார்த்தைக்கு அந்தக் காலத்துத் தொழிற்சங்கமே தோற்றுப்போகும். கடைசியில் மருமகள் லீவு எழுதிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை மெர்போக் பக்கம் போய், பூஜாங் பள்ளத்தாக்கில் புக்கிட் பத்து பஹாட் கோயிலின் அடித்தளத்தைப் பார்த்தோம். 1025-ல் ராஜேந்திர சோழன் இந்தக் கடாரத்தின்மேல் படையனுப்பிய கதையைச் சொன்னேன். "அவங்கல்லாம் எங்க தாத்தா தங்குனாங்க?" என்றான் பேரன். துரை பங்களாவில் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொன்னேன்.

பங்களாவில் "மரம் வெட்டும் அனுபவம்" என்று ஒன்று உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். பசியாறி முடித்து ஒன்பது மணிக்குக் கூட்டிப்போனார்கள். விடிவதற்குமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் சீக்கிரம் நின்றுவிடும். ஒன்பது மணிக்கு வெட்டியிருந்தால் என் அப்பாவை மேற்பார்வை மண்டோர் மரத்திலேயே கட்டியிருப்பார். பேத்தி உளியைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டாள். சொல்லிக்கொடுத்தவர் ஒரு வங்காளதேசத்துப் பையன். உனக்கு எப்போது லீவு என்று மலாயில் கேட்டேன். விருந்தாளி வராத அன்றைக்கு என்றான்.

மருமகளின் தோழி போன பிரான்சில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிராமங்கள் காலியானபோது, பாழாய்க் கிடந்த பண்ணைவீடுகளைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டார்கள். 1955-ல் ஜீத் த பிரான்ஸ் என்ற அமைப்பே அதற்காக உருவானது. அங்கே மிஞ்சியதில் உழவன் வீடும் உண்டு. இங்கே தப்பித்தது துரை வீடு. லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. ஓரத்தில் காளியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது.

பங்களா வசதியாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். பழைய தோட்டம் கையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எங்காவது ஒரு வரிசை லயம் இடியாமல் மிஞ்சியிருந்தால் அதையும் செப்பனிட்டுப் பாதி வாடகைக்கு விடுங்கள். எங்கள் ஆட்கள் வருவார்கள். முன்பணம்கூடக் கட்டுவார்கள்.